வெறும் பூ

இதுவும் மஞ்சளாகிவிட்டது. நேற்று சாயங்காலமே நுனி கொஞ்சம் வெளுத்திருந்தது, கண்ணாடி போடாமல் பார்க்கிறேன், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது கண்ணாடியும் போட்டாயிற்று, விடிந்தும் விட்டது, காபி டம்ளரைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட வளராத பிஞ்சு, நுனியிலிருந்து பாதிவரை மஞ்சள், தொட்டால் கொழகொழவென்று விரலோடு வருகிறது. ஏழாவது. ஏழும் இப்படித்தான், பூ விரிந்த அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், மறுநாள் பூ சுருங்கும், மூன்றாம் நாள் நுனி வெளுக்கும், அப்புறம் அழுகல். செடியைக் குறை சொல்ல முடியாது, இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், தண்டு என் கட்டைவிரலை விடத் தடிமன், பூவுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. மண்ணையும் குறை சொல்ல முடியாது, மாட்டெருவும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து ஒரு மாதம் ஆறப்போட்ட மண். வெயில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் விளங்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது என்ன? "உன் கைதான் தையல்நாயகி, வேறென்ன" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சுவர்மேல் இருந்த அணில் ஓடிப்போயிற்று. இந்த வீட்டில் என் குரலை நான் கேட்பது இப்படி எதையாவது திட்டும்போதுதான். அழுகினதைக் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் அழுகல் தண்டுக்கு ஏறிவிடும். கிள்ளினேன். பக்கத்திலேயே இன்றைக்கு ஒன்று புதிதாக விரிந்திருக்கிறது, அடியில் பச்சைப் பிஞ்சு, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ. எட்டாவது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்குப் பெயர் சுக்கினி. உறையூரில் என் தெருவில் யார் வாயிலும் நுழையாத பெயர். கீரைக்காரம்மா வெள்ளரியா என்றாள், பால்காரர் பீர்க்கை வம்சமா என்றார், நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவைத்தேன். புரட்டாசியில் தோட்டக் கண்காட்சி என்று பேப்பரில் பார்த்துப் போனேன், போவதற்கு ஒரு காரணமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். விதைக்கடையில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, பந்தல் வேணாம், கொடி வேணாம், அம்பது நாள்ல காய். எந்தக் கைக்கும் வரும்" என்றான். எந்தக் கைக்கும். அந்த வார்த்தைக்காகத்தான் நான் வாங்கினேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பொட்டலத்தில் பத்து விதை, பறங்கி விதை மாதிரியேதான், கொஞ்சம் சிறிசு. தீபாவளி கழிந்ததும் ஐந்தை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, டீ குடிக்கிற காகிதக் கப்பில் தேங்காய் நார்க் கழிவை நிரப்பி, கூர்முனை கீழே பார்க்க ஒவ்வொன்றாகச் செருகி, சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தேன். ஆறு நாள் காபி போட மறந்தாலும் கப்பைப் பார்க்க மறக்கவில்லை. ஏழாம் நாள் மூன்று முளைத்தன. ஒன்று விதையின் ஓட்டைத் தலையில் சுமந்துகொண்டு கழற்றத் தெரியாமல் நின்றது, நான் உதவி செய்கிறேன் என்று விரலால் எடுக்கப் போய் தலையே கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை யாரிடம் சொன்னால் சிரிக்காமல் கேட்பார்கள்? இன்னொன்றை நத்தை தின்றது. மிஞ்சியது இது ஒன்று. கார்த்திகை மழையில் குடையைக் கம்பில் கட்டி இதற்குப் பிடித்துவிட்டு, நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு காய் வேண்டும். ஒன்றே ஒன்று. சமைக்கக்கூட வேண்டாம், அதன் ருசி எப்படி என்பதே எனக்குத் தெரியாது. என் கையால் வைத்தது காய்த்தது என்று ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும். அறுபத்து மூன்று வயதில் இது ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், எனக்கு இதுதான் ஆசை.

காபி ஆறிவிட்டது. ஆறினதையே குடிக்கிறேன், இன்னொரு தடவை அடுப்பைப் பற்றவைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? வாசலில் பேச்சுக்குரல் கேட்கிறது, கோலத்தைப் பார்த்துக்கொண்டு யாரோ நிற்கிறார்கள். மார்கழி பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் என் வாசலுக்குத்தான் பேர். எல்லோரும் கோலம் போடுகிறார்கள், கலர்ப்பொடி தூவுகிறார்கள், ஆனால் நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்து அதன் தலையில் பெரிய மஞ்சள் பூ வைக்கிற வாசல் என்னுடையது மட்டும்தான். பறங்கிப் பூவுக்கு டவுனில் எங்கே போவது, மற்றவர்கள் சாமந்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் சுக்கினிப் பூ பார்க்க அசல் பறங்கிப் பூ. ஐந்தரைக்கு எழுந்து பனிக்குத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு டார்ச் அடித்துப் பறிப்பேன். கண்டதையும் பறிப்பதில்லை, நான் என்ன விவரம் கெட்டவளா? அடியில் பிஞ்சு இருக்கிற பூவைத் தொடவே மாட்டேன். நீளக் காம்பில் சும்மா நிற்கிறதே, பின்னால் ஒன்றும் இல்லாத வெறும் பூ, அதை மட்டும், மொட்டைக்கூட விடாமல், காம்போடு பறித்துவிடுவேன். நல்லதாக ஒன்று பிள்ளையாருக்கு, மிச்சம் உள்ளே சாமி படத்துக்கு. காய்க்காதது எதற்குச் செடியில் நின்று சத்தை உறிஞ்ச வேண்டும்? இதை நினைக்கும்போதே வாய் கசக்கிறது, இந்தப் பேச்சை நான் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேன். அது கிடக்கட்டும். ஸ்கூலுக்குப் போகிற வழியில் ஒரு டீச்சர் தினம் ஒரு நிமிஷம் நின்று, "உங்க வாசலைப் பாத்தாத்தாம்மா எனக்கு மார்கழி" என்பாள். ஒரே வாக்கியம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான குரல் காதில் விழும், வீட்டுக்கு வந்தால் ஒரு குரலும் வேண்டாம் என்றிருக்கும். இப்போது வருகிற ஒரு வாக்கியத்தை மத்தியானம்வரைக்கும் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பேச்சை எங்கே கேட்டேன் என்று தெரியாத மாதிரி நடிக்க வேண்டியதில்லை, இங்கே யார் இருக்கிறார்கள் பார்க்க. என் மாமியார் சொன்னது. நாத்தனாருக்கு வளைகாப்பு, எனக்குக் கல்யாணமாகி அஞ்சாம் வருஷம், தட்டில் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவளை, "நீ உள்ள போயி புளிசாதம் அடிபிடிக்குதா பாரு" என்று அனுப்பினார்கள். அடுப்பே அணைத்தாயிற்று. உள்ளே நின்றுகொண்டு அணைந்த அடுப்பைப் பார்த்தேன். "காய்க்காததுக்குச் சோறு போட்டு என்ன லாபம்" என்று கூடத்தில் யாருக்கோ சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது, எனக்குக் காது எப்போதுமே கூர்மை. டாக்டரம்மாவிடம் தனியாகத்தான் போனேன். ரத்தம், படம், என்னென்னவோ எடுத்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணும் தெரியலையே, அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். ராஜமாணிக்கம் என்பது அவர் பெயர், நான் வாயால் சொன்னதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். "ஆம்பளைக்கு என்னடி டெஸ்ட்டு" என்றார். கோபம்கூட இல்லை, மோர் ஊற்றச் சொல்கிற குரல். நானும் மோர் ஊற்றினேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒன்பதாம் வருஷம் கரூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், அங்கே செண்பகம் என்று ஒரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டிக் குடித்தனம் வைத்துவிட்டார் என்று சேதி வந்தது. நான் சண்டைக்குப் போகவில்லை. எந்த வாயால் போவது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராருக்குப் பிள்ளை பிறந்த சேதியை இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பையன் பொறந்திருக்கான், தாயும் பிள்ளையும் சௌக்கியம், கத்திக் கத்திப் பேசுவார்கள், வெளியூர் டிரங்க் காலில் கத்தினால்தான் கேட்கும். மூன்று நிமிஷம் முடிந்ததும் "நேரமாச்சு சார்" என்று நான் குறுக்கே சொல்ல வேண்டும். பிள்ளைச் சேதிக்கு மட்டும் அரை நிமிஷம் கூட விட்டுவிடுவேன், யாருக்கும் தெரியாது.

ஆடியில் அவர் போய்விட்டார். தகவல் சொன்னவர்கள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை, கரூருக்குப் பஸ் ஏறிப் போனேன். பந்தல் ஓரத்தில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் மாதிரி நின்றேன். கொள்ளி யார் வைப்பது என்று பேச்சு வந்தது, தம்பி மகன் வைக்கட்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கேயும் இல்லை. முப்பது வருஷம், அங்கேயும் பிள்ளை இல்லை. அப்படியானால். இந்தத் துவைக்கிற கல்லில் பாசி ஏறிக் கிடக்கிறது, சோடா உப்பு போட்டுத் தேய்க்க வேண்டும், வழுக்கி விழுந்தால் கேட்க நாதியில்லை. அஞ்சு மாசமாக அந்த 'அப்படியானால்' வரைக்கும் வருகிறேன், வந்ததும் ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. செத்துப்போனவரைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அது நிஜமாக இருந்துவிட்டால் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்ற வருஷத்தையெல்லாம் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்? அதற்கு என் கைதான் சரியில்லை என்று இருந்துவிடுவதே சௌகரியம், பழகின செருப்பு. கிளம்பும்போது செண்பகம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நினைத்த மாதிரி இல்லை, ஒல்லியாக, முன்பல் கொஞ்சம் எடுப்பாக, அழுது வீங்கின முகத்தோடு. "அக்கா, ஒங்க வயித்தெரிச்சல்தான் என் வயித்தத் தெறக்கலன்னு அவுக அம்மா சாகுறமட்டும் சொன்னாங்க. சரிதானக்கா, நான் பண்ணுனது பாவந்தான? எப்பவாச்சும் பேசுங்கக்கா" என்று காலண்டர் தாளைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்தாள். தாளை வாங்கிக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அந்தத் தாள் விதைப் பொட்டலத்தோடு பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அவளைச் சபித்தேனா? சபிக்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்குத் தெம்பு இருந்த மாதிரி ஞாபகம் இல்லை.

"என்னக்கா, செடியோட என்ன பேச்சு?" ஜெய்த்தூன். பின்பக்கத்து வீடு, சுவர் ஓரமாகக் கல்லைப் போட்டு ஏறி நின்றால் தலை தெரியும், மூன்று பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுத் துணி காயப்போட வந்திருக்கிறாள். இன்றைக்கும் வாய்விட்டுப் பேசியிருக்கிறேன், வெட்கமாக இருந்தது. "ஏழாவதும் அழுகிப்போச்சு ஜெய்த்தூன்" என்றேன். "என் கைக்கு வரல, விட்ற வேண்டியதுதான்." அவள் சுவரில் மார்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள், செடியை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க்கா, ஆம்பளைப் பூவ ஒண்ணுகூடக் காணோம்?" எனக்குப் புரியவில்லை. "பூவுல என்ன ஆம்பளை?" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அட என்னக்கா நீங்க, எங்க சொரக்கொடியிலயும் இப்புடித்தான, பிஞ்சோட வர்றது பொம்பளைப் பூ. நீளக் காம்புல வெறுமன நிக்கும்ல, நடுவுல மஞ்சப் பொடியோட, அது ஆம்பளை. அந்தப் பொடி இதுல படணும். வண்டு வந்து போட்டுட்டுப் போகும், வண்டு வராட்டி நாமளே தொட்டு வுடணும். அது படலன்னா பிஞ்சு எப்புடி நிக்கும், வெம்பித்தான் வுழும்." அவளே யோசித்துக்கொண்டு, "இருங்க, வாசல்ல தெனம் பூ வைக்கிறீங்களே, நான் எங்கேயோ வாங்குறீங்கன்னுல்ல நெனச்சேன். இதுலேருந்தா பறிச்சீங்க?" என்றாள். "வெறும் பூதானேன்னு..." என்று ஆரம்பித்தேன். "வெறும் பூவா! யா அல்லா, ஆம்பளைய ஒண்ணு வுடாம பறிச்சுப்புட்டு, பொம்பளைப் பூவ காய்க்கல காய்க்கலன்னா அது பாவம் என்னக்கா பண்ணும்?" என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அழுவாதீங்கக்கா, ஒரு பூவுக்குப் போயி. இன்னைக்குப் பறிச்சது எங்க, வாசல்லதான? வெயில் ஏறுனா இது மூடிக்கும், ஓடுங்க, நான் பாத்துக்கிறேன்." நான் அழுததே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உள்ளே பறித்துவைத்தது ஏதாவது இருக்கிறதா, இல்லை, இன்றைக்கு ஒன்றுதான் இருந்தது, அது பிள்ளையார் தலையில். வீடு இவ்வளவு நீளமா? அது பாவம் என்ன பண்ணும். சமையலறை, கூடம், அணைந்த அடுப்பு, இல்லை அது அந்த வீடு, இது என் வீடு, நான் கடன் அடைத்த வீடு. அது பாவம் என்ன பண்ணும். மாடு வந்திருக்குமோ, எட்டு மணிக்குப் பால்காரர் மாட்டை இந்த வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போவார், வாசலில் பூ இருந்தால் அது விட்டுவைக்காது. கதவைத் திறந்தேன். கோலத்தின் மேல் சைக்கிள் ஓடின தடம், மாடு நாலு வீடு தள்ளி யார் வீட்டுக் கழுநீரிலோ வாயை வைத்திருக்கிறது, பூ இருந்தது. நெருங்கினால் டீச்சர் நிற்கிறாள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு. "இன்னைக்கு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?" நான் குனிந்து பூவை உருவினேன். "ஐயோ, ஏம்மா எடுக்கறீங்க? அதுதானே அழகு!" பிள்ளையாரே கோபித்துக்கொள்ளாதே, நீ கல்யாணம் ஆகாதவன், உனக்கு இந்தக் கஷ்டம் புரியாது. "நாளையிலேருந்து சாமந்திதான் டீச்சர்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. நாளைக்கு நிற்காமல் போய்விடுவாளோ என்று ஒரு பயம் வந்தது, வந்த வேகத்தில் நான் உள்ளே திரும்பிவிட்டேன்.

"இதழப் பிச்சுருங்கக்கா, நடுவுல உள்ளது மட்டும் போதும்" என்று சுவருக்கு மேலிருந்து ஜெய்த்தூன் சொன்னாள். பிய்த்தேன். உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு தண்டு, அதன்மேல் மாவு மாதிரி மஞ்சள் பொடி. பத்தொன்பது நாளாக இதை நான் சாணியில் குத்தி வைத்திருக்கிறேன். எட்டாவது பூ இன்னும் மூடவில்லை, ஓரம் லேசாக உள்ளே வளைய ஆரம்பித்திருக்கிறது. மண்டியிட்டேன், புடவையெல்லாம் சேறு. "மெதுவா, சுத்தித் தடவி வுடுங்க." தடவினேன், ஒரு சுற்று, இரண்டு சுற்று, பொடி அதன் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியானால். இந்தத் தடவை எழுந்து ஓட முடியாது, முழங்கால் மண்ணில் கிடக்கிறது, செய்ய வேறு வேலையும் இல்லை. அப்படியானால் அது நான் இல்லை. டாக்டரம்மா அன்றைக்கே சொன்னாள், அங்கேயும் இல்லை என்று ஆடியிலேயே தெரிந்தது, அது நான் இல்லை. இடி விழவில்லை. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வளையல் தட்டை என் கையிலிருந்து வாங்கினவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், போன வருஷமெல்லாம் போனதுதான். கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தது. ஆனால் அதற்குள் முன்பல் எடுப்பான அந்த முகம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. நானாவது வேலைக்குப் போனேன், நூறு குரலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவள் முப்பது வருஷம் அந்த வீட்டுக்குள்ளேயே, அந்த மாமியாரோடு, என் வயிற்றெரிச்சல் என்று நம்பிக்கொண்டு. ஜெய்த்தூன் "நாலு நாள்ல தெரியும்க்கா, நின்னுச்சுன்னா நுனி பச்சையாவே இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கல்லிலிருந்து இறங்கிப் போனாள்.

கை கழுவத் தோன்றவில்லை. பிரிட்ஜ் மேலிருந்து காலண்டர் தாளை எடுத்தேன், மஞ்சள் பட்டுவிட்டது, எண் தெரிகிறது. எத்தனை பேருக்கு எத்தனை எண் போட்டுக் கொடுத்த விரல், எனக்கென்று ஒன்று போட இப்படித் தடுமாறுகிறது. மணி அடித்தது. எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் நிம்மதி, வைத்துவிடலாம், வைக்கப் போகும்போது எடுத்தாள். "அலோ, யாருங்க?" "நாயகி பேசறேன். திருச்சி." "அக்காவா?" என்றாள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை, டிவி இல்லை, ஆள் அரவம் இல்லை, ஒரு மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. அங்கேயும் அதுதான். "சாப்பிட்டியா" என்றேன். "இன்னும் இல்லக்கா." "செண்பகம், குறுக்க பேசாமக் கேளு. நான் ஒரு செடி வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்து, விதை, கப்பு, நத்தை, கோலம், பறித்த பூ, ஜெய்த்தூன் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன், ஒருவேளை பைத்தியம் என்று நினைத்திருப்பாள், குறுக்கே பேசவில்லை. "அன்னைக்கு வயித்தெரிச்சல்னு சொன்னியே, அது இல்லைம்மா. டாக்டரம்மா அவரைக் கூட்டிட்டு வரச் சொன்னா, அவர் வரல. இதை நான் உனக்கு அன்னைக்கே சொல்லியிருக்கணும். பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு எங்கிட்டயும் இல்ல, உங்கிட்டயும் இல்ல." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விடவில்லை, முப்பத்தைந்து வருஷக் காது இது, வெறும் லைனுக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியும். அழுகிறாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. நேரமாச்சு என்று நான் சொல்லவில்லை.